றெஜினா அக்கா கேட்ட கடிதம்

செய்தி வந்தபோது பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் எதிர்வீட்டு டொக்டரிடம் மட்டும்தான் இருக்கிறது. டொக்டரின் மனைவி தன் வீட்டுப் படியில் நின்றபடியே கூப்பிட்டார்.

"பிள்ளை, உமக்கொரு கோல். கொட்டாஞ்சேனையிலையிருந்து. பொம்பிளைக் குரல்."

கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரே ஒருவரைத்தான் தெரியும். அவருக்காக ஒரு கடிதம் எழுதுவதாகச் சொல்லி ஏழு கிழமை ஆகியிருந்தது. அதைக் கேட்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். "பிள்ளை தண்ணிக்குள்ளை இருக்கிறாள் மாமி. பிறகு கதைக்கிறன் எண்டு சொல்லிவிடுங்கோ" என்றேன். பிள்ளை துவாயில் சுற்றியபடி என் தோளில் கிடந்தாள். மாமியும் அதைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார்.

சற்று நேரத்தில் அவரே ஒழுங்கையைக் கடந்து வந்தார். "அது உம்மடை சிநேகிதி இல்லைப் பிள்ளை. அவவின்ரை தங்கச்சி. அக்காவுக்கு நெருப்புக்காய்ச்சலாம், பதினொரு நாளாய் ஆசுப்பத்திரியிலையாம். விடியக்காலமை முடிஞ்சுபோச்சுதாம். அதைச் சொல்லத்தான் எடுத்தவ."

அவ்வளவு நேரமும் அந்தத் தங்கச்சி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, நான் பிள்ளை குளிப்பாட்டி முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

றெஜினா அக்காவை அறிந்தவர்கள் பலர் இந்தக் கல்லூரி மலரைப் படிக்கிறீர்கள். நம் கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். அவர் விவாதத்தில் எழுந்து நின்றால் எதிர்க்கட்சி தன் குறிப்புகளைத் திரும்பப் படிக்கத் தொடங்கும் என்பது உங்களுக்கு ஞாபகமிருக்கும். அவருடைய முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். மலரின் ஆசிரியை "நல்லதாய் ஒரு பக்கம்" கேட்டிருந்தார். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அவரைப் பற்றிச் சொல்ல நல்லதுதான் நிறைய இருக்கிறது. ஆனால் என்னைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலக யுத்த காலத்தில் ஆண்கள் பலர் வேறு அலுவல்களுக்குப் போய்விட்டதால்தான் எங்கள் இருவருக்கும் புதைபொருள் ஆராய்ச்சிக் கந்தோரில் வேலை கிடைத்தது. பழைய ஊர்கள் இருந்த இடங்களைத் தோண்டுகிறவர்கள், கிடைக்கும் பானையோடுகளைச் சாக்குப் பைகளில் கொழும்புக்கு அனுப்புவார்கள். அவற்றைக் கழுவி, காயவைத்து, ஒவ்வோர் ஓட்டிலும் கறுப்பு மையால் சின்னதாக இலக்கம் எழுதித் தட்டில் அடுக்குவது எங்கள் வேலை. ஒவ்வொரு பையின் கழுத்திலும் ஒரு சீட்டுக் கட்டியிருக்கும். எந்தக் குழி, எத்தனையாவது மண்படை என்று அதில் இருக்கும். ஆழம் கூடக் கூடக் காலம் பழையது. ஆகவே அந்தச் சீட்டுத்தான் ஓட்டின் வயது.

சேர்ந்த முதல் நாள் நான் ஓடு கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றபோது அக்காவின் இடது மணிக்கட்டில் நூலால் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. "என்ன அக்கா, காப்புக் கட்டியிருக்கிறியளோ? என்ன விரதம்?" என்று கேட்டேன்.

"ஓம் புள்ள. ரெண்டாங்குழிச் சாமிக்கு" என்றார், வேலையிலிருந்து கையை எடுக்காமலே. "இந்தப் பை காஞ்சு, இலக்கம் போட்டு முடியு மட்டும் அவிழ்க்கிறதில்ல. அது வரைக்கும் அடுத்த பையத் தொடுறதுமில்ல. ஒரு நேரத்துக்கு ஒரு பை. ஓட்டுக்கு ஊர் தெரியாமப் போனா அது ரோட்டுக் கல்லுத்தான்."

கந்தோரில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. சீட்டை மேசையில் வைப்பார்கள், கல்லைத் தூக்கி மேலே வைப்பார்கள், காற்றில் பறந்தால் பியோனைக் கூப்பிடுவார்கள். அக்கா கையில் கட்டிக்கொண்டே மத்தியானச் சாப்பாடும் சாப்பிடுவார். பாணும் சம்பலும் இடக்கைப் பக்கம் படாமல் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். "சிரி, சிரி. நாளைக்கு உன்ட புருசன் உன்னயும் ஆரெண்டு கேக்கக்குள்ள ஒரு சீட்டுக் கட்டியிருந்தா உதவும்" என்பார்.

அவருக்குத் தொட்டியடியில் நிற்க விருப்பமில்லை. குழிக்குள் இறங்கவேண்டும் என்பதுதான் ஆசை. பெண்பிள்ளைகளை வெயிலில் தோண்டும் இடங்களுக்கு அனுப்புவதில்லை என்று கந்தோரின் தலைவரான துரை முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் சீமையில் இதற்கென்றே பட்டத்துக்கு மேல் ஒரு படிப்பு இருக்கிறது, அதை முடித்து வந்தால் உத்தியோகத்தராகத்தான் எடுக்கவேண்டும், உத்தியோகத்தரை வெயில் என்று சொல்லி நிறுத்த முடியாது. இதை எனக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர் அக்காதான். இலண்டனுக்கு எழுதி அந்தப் பாடத்திட்டப் புத்தகத்தை எடுப்பித்திருந்தார். கப்பல்கள் ஒழுங்காக ஓடாத காலம். ஏழு மாதம் கழித்து, ஒரு மூலை நனைந்து, அது வந்து சேர்ந்தது. மத்தியானங்களில் இரண்டு பேரும் சேர்ந்து படிப்போம். நில அளவை என்று ஒரு பாடம் இருந்ததைக் கண்டுவிட்டு, தையல்காரரான தன் தகப்பனுடைய அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்த் தன் ஒழுங்கை முழுவதையும் அளந்து வரைந்து வந்தார். பக்கத்து வீட்டுக்காரர், நகரசபை ரோட்டை அகலமாக்கப்போகிறது என்று நினைத்துச் சண்டைக்கு வந்துவிட்டாராம். வரைபடத்தில் அந்த மனிதர் நின்ற இடத்திலும் அக்கா ஒரு புள்ளி வைத்திருந்தார்.

அவர் படிப்பதைப் பார்த்துத்தான் எனக்கும் அந்த எண்ணம் வந்தது. எனக்கு வந்த எண்ணமும் அவருக்கு இருந்த எண்ணமும் ஒன்றல்ல என்பதை அப்போது நான் அறியவில்லை. பெட்டியுடன் கப்பலிலிருந்து இறங்குவதையும், கொழும்பில் யாராவது "அவதான், சீமைக்குப் போய் வந்தவ" என்று சொல்வதையும் நான் மனத்துக்குள் பலமுறை பார்த்திருந்தேன். குழி எதையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

யுத்தம் முடிகிற சமயத்தில் துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேற்படிப்புக்கு ஓர் உபகாரச் சம்பளம் வரப்போகிறது, ஒருவருக்குத்தான், இரண்டு பேரும் விண்ணப்பம் எழுதுங்கள், ஒரு பெயரை நான் சிபார்சு செய்வேன் என்றார். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆருக்குக் கெடைச்சாலும் மத்தவ கப்பலடிக்கு வரோணும். அழுது வடிஞ்சிக்கிட்டு இல்ல, கைக்குட்டைய ஆட்டிக்கிட்டு" என்றார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் நான் இங்கே எழுதவேண்டும்.

செவ்வாய்க்கிழமைகளில் அக்கா ஒரு மணித்தியாலம் முந்திப் போவார். தாயாருக்குக் கண் மங்கல். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். இது துரைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அன்று அக்கா பொறுப்பேட்டில் இரண்டு பைகளுக்குக் கையெழுத்து வைத்து எடுத்திருந்தார். ஒன்று மிக ஆழத்துப் படை, மற்றது மேல்மண். ஆழத்துப் பையைக் கழுவிப் பின் விறாந்தையில் கடதாசி விரித்துக் காயப்போட்டுவிட்டு, கையிலிருந்த சீட்டை அவிழ்த்து என்னிடம் தந்தார்.

"மத்ததத் திறக்க வேணாம் புள்ள. அத நாளைக்கி நான் பாக்கிறன். நீ இதுக்குக் காவலிருந்தாப் போதும்."

ஓம் என்றேன். அவர் போன பிறகு மற்றதைத் திறந்தேன். மறுநாள் காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து என்னைப் பொம்பிளை பார்க்க வருகிறார்கள். ஏட்டில் எடுத்த பைகள் எல்லாம் முடிந்திருந்தால்தான் துரை அரைநாள் விடுப்புத் தருவார். பொம்பிளை பார்க்க வருகிறார்கள் என்று அக்காவிடமும் சொல்லவில்லை. சீமைக்கு விண்ணப்பம் எழுதுகிறவள் அதையும் வைத்திருக்கிறாள் என்று அவர் நினைப்பாரே என்ற வெட்கம். மேல்மண் பையை அவசரமாகக் கழுவி, பக்கத்துக் கடதாசியில் பரப்பினேன். மழை வந்தது. கொழும்பு மழை எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கடதாசிகளையும் பிடித்து இழுத்தேன். நனைந்த கடதாசி கிழிந்து, இரண்டு குவியலும் ஒன்றாகச் சரிந்தன.

அப்போது செய்யவேண்டியது ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, 'கலந்துவிட்டது' என்று எழுதிவைக்க வேண்டும். அந்த ஓடுகள் அதோடு பயனில்லாமல் போகும், ஆனால் பொய் சொல்லமாட்டா. நான் கண்மதிப்பில் பிரித்தேன். கறுத்ததும் தடித்ததும் ஆழத்துத் தட்டுக்கு, சிவந்தது மேல்தட்டுக்கு. வெள்ளையாய்க் குழல்போல ஒரு சின்னத் துண்டு இருந்தது. எலும்பு என்று நினைத்தேன். எலும்பென்றால் பழையதுதானே என்று அதை ஆழத்துத் தட்டில் வைத்தேன்.

அது ஒல்லாந்தர் காலத்துச் சுங்கான் துண்டு. புகையிலை பிடிக்கிற களிமண் சுங்கான்.

மூன்றாம் கிழமை, தன் அறிக்கைக்காக அந்தத் தட்டை மேசைக்கு எடுப்பித்த துரை அதைக் கண்டார். முழுக் கந்தோருக்கும் கேட்க எங்களைக் கூப்பிட்டார். கிளாக்கர்மார் கதவடியில் வந்து நின்றார்கள். "ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின மனிசன் சுங்கான் குடிச்சிருக்கிறான்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் "நெருப்புப் பெட்டியும் கிடக்கும், வடிவாய்த் தேடுங்கோ" என்றார். துரை சிரிக்கவில்லை. பொறுப்பேட்டைத் திருப்பி அக்காவின் பக்கம் வைத்து, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்.

அக்கா ஏட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. ஒருவர் பேச இடம் விட்டு மற்றவர் காத்திருப்பாரே, அப்படி. எனக்கு அந்த நேரம் போதுமானதாக இருந்தது. நான் மேசையின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ட கையெழுத்துத்தான், சேர்" என்றார் அக்கா.

வெளியே வந்தபிறகு, தொட்டியடியில் வைத்து ஒரு முறைதான் அதைப் பற்றிச் சொன்னார். "நீ பொய் சொல்லியிருந்தாச் சண்ட பிடிச்சிருப்பன். சும்மா நிண்டியே, அதோட எப்பிடிச் சண்ட பிடிக்கிற?" பிறகு புதுப் பையொன்றை எடுத்துச் சீட்டைக் கையில் கட்டத் தொடங்கினார். ஒரு கையால் முடிச்சுப் போட அவருக்கு எப்போதும் கஷ்டம். வழக்கமாக நான்தான் போட்டுக் கொடுப்பேன். அன்று பல்லால் இழுத்து முடிந்துகொண்டார். கிளாக்கர்மார் அவரைச் 'சுங்கான் மிஸ்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் திரும்பிப் பார்த்து "என்ன வேணும்?" என்று கேட்பார்.

சிபார்சு என் பெயருக்குப் போனது.

இதை எழுதுவதைவிட அடுத்ததை எழுதுவது வெட்கமாக இருக்கிறது. அந்த இடத்துக்கு நான் போகவில்லை. அம்மா சொன்னார்: "எலும்பும் ஓடும் கிண்டவோ சீமைக்குப் போறாய்? வெள்ளவத்தையிலை கிண்டக் காணி இல்லையோ? கலியாணத்தை முடி. பிறகு உன்ரை புருசன் பாடு, உன்ரை பாடு." எதிர்த்துக் கதைத்திருந்தால் அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு விட்டிருப்பார், எனக்கு அது தெரியும். நான் எதிர்க்கவில்லை. அடுத்த கப்பலுக்குப் போகலாம் என்றேன், பிறகு அதற்கடுத்த கப்பல் என்றேன். கலியாணம் ஆயிற்று, பிள்ளை வயிற்றில் தங்கியது, வர இயலாதென்று எழுதிப்போட்டேன். அந்த வருடத்து இடம் அந்த வருடத்தோடு போயிற்று, இன்னொருவருக்கு மாற்றமாட்டார்கள். அக்காவின் கையிலிருந்து நான் எடுத்ததை நானும் உண்ணவில்லை.

கலியாணத்துக்கு அக்கா வந்தார். பிள்ளை பிறந்ததும் வந்தார். அவர் முகத்தில் ஒன்றையும் நான் காணவில்லை. காணாதபடியால் மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் இறப்பதற்கு ஏழு கிழமை முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேரே வெள்ளவத்தைக்கு வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இலண்டனுக்கு நானே எழுதப் போறன் புள்ள. ஆர்ட சிபார்சும் இல்லாம. துரைக்கிட்ட நன்னடத்தைக் கடிதம் ஒண்டு கேட்டன். தாறன், ஆனா அந்தக் கலப்படத்தயும் எழுதத்தான் வேணும், மறைக்க ஏலா எண்டுறாரு. அவர் நேர்மையான மனிசன், அவரில பிழையில்ல. நீ அவருக்கு ஒரு கடிதம் எழுது. அண்டைக்கு என்ன நடந்ததெண்டு மட்டும். வேற ஒண்டும் வேணாம்."

நான் தேத்தண்ணீரை ஊற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"நீ இப்ப அங்க வேலையில இல்ல. உனக்கு ஒண்டும் வராது. எனக்கு முப்பது முடியுது. இனிமே ஒரு வருசம் எண்டுறது எனக்கு ஒரு வருசமில்ல."

"எழுதுறன் அக்கா. இந்தக் கிழமைக்குள்ளை அனுப்பிவிடுறன்."

"சத்தியமா?"

"சத்தியமாய்."

பிள்ளை அவருடைய கழுத்துச் சிலுவையைப் பிடித்து வாயில் வைத்தாள். "கடி, கடி, வெள்ளிதான்" என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார். அவ்வளவு லேசாகிவிட்ட முகத்தை அதற்கு முன் நான் அவரில் கண்டதில்லை.

மூன்று தரம் தொடங்கினேன். முதலாவதில் மழையைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. இரண்டாவதில் என் இளவயதைப் பற்றி. மூன்றாவதை என் கணவர் கண்டார். "ஏன் இப்ப உதைக் கிளறுறீர்? நாளைக்குப் பள்ளிக்கூடத்திலை ரீச்சிங் கேட்டுப் போனால் அந்தத் துரையின்ரை சேர்ட்டிபிக்கட்தானே உமக்கும்? யோசிச்சு எழுதும்" என்றார். எழுதவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் அப்படி விளங்கிக்கொண்டேன், எனக்கு அது வசதியாக இருந்தது. பிறகு பிள்ளைக்கு இருமல். பிறகு பல். ஒவ்வொரு நாளும் அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு இருந்தால் பயம் வரும், பயத்துக்கு அடியில் இன்றைக்கும் எழுதத் தேவையில்லை என்ற ஆறுதலும் இருக்கும். இதை ஒரு தாய் எழுதக்கூடாது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் கிழமை ஒரு தபாலட்டை வந்தது. 'பிள்ளைக்குச் சுகமா? அவசரமில்லை. விண்ணப்பத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.' அதை வாசித்து அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். அந்தப் பத்து நாளும் போயின. அதன் பிறகு தொலைபேசி.

பொரளை மயானத்தில் துரையும் வந்திருந்தார். எல்லாம் முடிந்து திரும்பும்போது என் பக்கம் வந்து, அடுத்த வருடம் இந்தியாவில் ஒரு சர்வகலாசாலையில் இந்தப் படிப்புக்கு ஓர் இடம் வருகிறது, ஒரே வருடம், குடும்பத்தோடும் போகலாம், உங்கள் பெயரை நான் மறக்கவில்லை என்றார். வீட்டில் சொன்னபோது அம்மா, "போறதெண்டால் நானும் வாறன், பிள்ளையைப் பாக்க ஆள் வேணுமே" என்றார். அன்று வேண்டாமென்றவர்தான். நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். துரை சொன்ன அந்தக் கணத்தில், அக்காவின் குழிக்கு இருபது அடி தள்ளி நின்றுகொண்டு, நான் சந்தோஷப்பட்டேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு தங்கச்சி பிலோமினா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். தாயார் போன வருடமே தவறிவிட்டார். முன்னறையில் என்னை இருத்தி, தேத்தண்ணீர் வைத்து, ஒரு கடதாசிக் கட்டைக் கொண்டுவந்தாள். அக்கா இலண்டனுக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி. கடைசி நாள்வரை பார்த்துவிட்டு, என் கடிதம் இல்லாமலே அனுப்பியிருக்கிறார்.

"எனக்கு இங்கிலீசு எழுத வராது. அக்கா இல்ல, இனிமே அவவ எதிர்பார்க்க வேணாம் எண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நீங்கதான் எழுதித் தரோணும். அக்காட கூட்டாளி நீங்கதானே."

வாங்கிப் படித்தேன். இதற்கு முன் செய்த வேலையில் ஏதாவது குறை காணப்பட்டதா என்று ஒரு கேள்வி. ஆம், இரு மண்படைகளின் ஓடுகள் கலந்தன, அந்தப் பைகள் என் பொறுப்பில் இருந்தன என்று தன் வடிவான எழுத்தில் எழுதியிருந்தார். என் பெயர் எங்கும் இல்லை.

அந்த வீட்டில் இருந்துகொண்டே பிலோமினாவிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, பை, மழை, துரையின் மேசை, கடிதம் எல்லாவற்றையும். அவள் இடையில் ஒரு தரம்தான் கேட்டாள்.

"அப்ப அக்கா பிழை விடயில்லையா?"

"இல்லை."

வெகுநேரம் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வேலையில பேச்சு வாங்கினதா அக்கா வந்து சொன்ன அண்டைக்கு அம்மா ஏசினாங்க. என்னாலதான் நீ அவசரப்பட்டுப் பிழை விட்டிருக்கிறா, இனிச் செவ்வாக்கிழம எனக்காக வராத எண்டு. அக்கா ஒண்டும் சொல்லயில்ல. அதுக்குப் பொறகு அம்மா தனியத்தான் போனாங்க, சொவரப் பிடிச்சிப் பிடிச்சி. தன்னாலதான் மகள் சீமைக்குப் போகயில்ல எண்டு சாகு மட்டும் சொன்னாங்க." தட்டைக் கீழே வைத்தாள். "அம்மா இருக்கக்குள்ள நீங்க வந்து சொல்லியிருக்கலாம்."

நான் எழுந்தேன்.

"இருங்க. தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

குடித்தேன். அந்த வீட்டில் வேறு எதைக் கேட்டிருந்தாலும் செய்திருப்பேன்.

இலண்டனுக்கு எழுதவேண்டிய கடிதத்தை மறுநாளே எழுதினேன். விண்ணப்பித்தவர் இறந்துவிட்டார் என்று ஒரு பந்தி. அந்தக் குறை அவருடையதல்ல, என்னுடையது என்று இன்னொரு பந்தி. அங்கே அவருக்கு இனி அது உதவாது. துரைக்கும் எழுதினேன். மழை இல்லாமல், என் இளவயது இல்லாமல், பதினோரு வரி. அதைத்தான் அக்கா கேட்டிருந்தார். அந்த ஏட்டைத் திருத்தும்படியும், இந்தியாவுக்கு என் பெயரை எழுதவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

இதைப் பெரிய மனம் என்று யாரும் எண்ணவேண்டாம். காரணம் அந்த விண்ணப்பத்திலேயே இருந்தது. இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். அதே கேள்விக்கு முன்பு நான் அந்த அரைப் பக்கத்தையும் நிரப்பி, ஓரத்திலும் எழுதியிருந்தேன். நம் தீவின் புராதன மகிமை, பெண்குலத்தின் முன்னேற்றம், இன்னும் என்னென்னவோ. றெஜினா அக்கா ஒரு வரி எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட்டிருந்தார்: 'ஆறு வருடமாகக் கழுவியிருக்கிறேன், நான் கழுவியது என்னவென்று அறிய விரும்புகிறேன்.'

பிலோமினா அவருடைய பொருள்களில் விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் ஒன்றையும் எடுக்கவில்லை. அந்த வரியை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன், அதற்கும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். படிக்கப் போவதா என்ற கேள்வி எனக்கு இன்னும் போய்விடவில்லை. பிள்ளை வளர்வாள், இடங்கள் வரும், அம்மாவும் வருவேன் என்கிறார். ஆனால் ஏன் என்று கேட்டால் அப்படி ஒரு வரியாவது என்னிடம் இருக்கவேண்டும். தேடிப் பார்த்தேன். இன்றைக்கு என்னிடம் இல்லை.